கடல் பார்க்கப் போன உமாதேவி

பழனிசெட்டிபட்டியில் இருபது வருடமாகக் கடல்மீன் விற்கும் உமாதேவி, கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன் அனுப்பும் பிலோமினா தினமும் போனில் பேசுவதால், அந்தக் கடற்கரை ஊரில் நடப்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. யார் படகு பழுதானது, யார் மகளுக்குப் பிரசவம் என்று செதில் சுரண்டிக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் சொல்வார்.

"இன்னைக்கும் சங்கரா மீனு இல்லையா?" என்று யாராவது முகம் சுளித்தால் மட்டும் சுள்ளென்று கோபம் வரும்.

"அங்கன காத்து பேயா அடிக்குது. நீங்க போயி பிடிச்சிட்டு வாங்களேன்!"

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் கடையைப் பூட்டிவிட்டு, கடல் பார்க்கவென்றே பஸ் ஏறினார். இரண்டு நாள் கழித்துத் திரும்பியவரைப் பக்கத்துப் பூக்கடை நாகஜோதி ஆவலாகப் பிடித்துக்கொண்டாள்.

"கடல் எப்படிக்கா இருந்துச்சு?"

"ஏன்டி கேக்குற! பிலோமினா வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வச்சாக. ஊரே வந்து பேசுச்சு. படகுக்கார அந்தோணி பேரனை மடியில போட்டாக, அது என்னைய விட்டு எறங்கவே இல்ல."

"அது சரி, கடலு?"

உமாதேவி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என் முதுகுக்குப் பின்னாலதான்டி கெடந்துச்சு. ரெண்டு நாளும் சத்தம் கேட்டுச்சு."