முதல் அடியை முழுங்கும் பெட்டி

அந்தப் பெட்டியை ஐந்தாம் மாடியிலிருந்து தூக்கிப் போட வேண்டும் என்று நான் நினைக்காத சனிக்கிழமை அந்த வருடத்தில் ஒன்றுகூட இல்லை. கீழே ஜனங்கள் நடக்கிறார்கள், யார் தலையிலாவது விழும் என்பதால்தான் விட்டு வைத்தேன்.

கறுப்பு நிற ஸ்பீக்கர் பெட்டி அது. பழைய மாடல் பாட்டுக் கருவியை அதன் தலையில் செருகினால் பாடும், சார்ஜும் ஏறும். செருகும் இடத்தில் அகலமாக ஒரு பல்வரிசை. இப்போது வருகிற எந்தப் போனும் அந்தப் பல்லில் உட்காராது. ஆனால் சத்தம் என்றால் சத்தம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ரயில் போகும்போதுகூட அதன் பாட்டு அமுங்காது. அதற்காகத்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நான் பரதம் சொல்லிக்கொடுக்கிறவள். வீட்டு ஹால்தான் வகுப்பு. சனிக்கிழமை காலையில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டால் பிள்ளைகள் மூன்று வரிசையாக நிற்கலாம். எனக்கு முன்னால் தட்டுப்பலகை, கையில் தட்டுக்கழி. அந்தக் கழியால் பலகையில் தட்டித் தாளம் போட்டால்தான் பிள்ளைகளின் கால் ஒன்றாக விழும். இருபது வருடங்களுக்கு மேல் அப்படித் தட்டியதில் வலது மணிக்கட்டு நரம்பு கெட்டுப்போனது. ஆபரேஷன் செய்தார்கள். வலி குறைந்தது, விரல்கள் மரத்துப்போயின. கழியைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் தானாக நழுவி விழும். இனிமேல் தட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வாயால் சொல் சொல்லலாம்தான். தட்டு இல்லாமல் சொன்னால் பிள்ளைகள் ஆளுக்கொரு வேகத்தில் போவார்கள். கை தட்டலாம் என்றால் அதுவும் வலித்தது. இரண்டு பேர் வகுப்பை விட்டுப் பங்சாரில் வேறு டீச்சரிடம் போனார்கள். மற்ற அம்மாக்கள் வாசலில் செருப்புப் போடும்போது என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். வகுப்பை மூடிவிடலாமா என்று நான் யோசித்தது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

"இடது கையில தட்டேன். கைதானே அதுவும்?" என்று என் கணவர் ஒரு நாள் கேட்டார். வந்ததே கோபம். கழி சாமி மேடையில் இருக்கும் பொருள். விஜயதசமிக்குப் பொட்டு வைத்துப் பூஜை போடுகிறோம். வகுப்பு தொடங்கும் முன் பிள்ளைகளில் ஒருத்தி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டுவாள். நான் வலது கையால் வாங்குவேன். இடது கையில் விபூதி வாங்க வந்த பிள்ளையைக்கூட அதட்டிய ஆள் நான். அந்தக் கையில் கழியைப் பிடித்துப் பிள்ளைகள் முன்னால் உட்காருவதா? அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அவர் ரயில்வேயில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேசாத பெண்டாட்டியைச் சமாதானம் செய்ய அவருக்குத் தெரிந்த ஒரே வழி எதையாவது கழற்றிப் பூட்டுவது. எப்போதோ ஒரு மத்தியானம், என் கை நன்றாக இருந்த காலத்தில், பிள்ளைகள் வீட்டில் பழகட்டும் என்று பாடம் முழுவதையும் நான் தட்டித் தட்டிச் சொல்ல, அவர் ஒரே மூச்சாகப் பதிவு செய்து வைத்திருந்தார். அதைத் தேடி எடுத்து என் போனில் போட்டார். "இதுதான் இனிமே உன் கை," என்றார்.

மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பழைய தட்டு எவ்வளவு திடமாக இருந்தது!

முதலில் பெட்டியின் முதுகில் இருந்த ஓட்டையில் ஒயரைச் செருகிப் போனை மாட்டினார். நன்றாகத்தான் பாடியது. ஆனால் போன், கட்டிப்போட்ட ஆடு மாதிரி பெட்டி பக்கத்திலேயே கிடக்க வேண்டும். நான் கடைசி வரிசையில் ஒருத்தியின் முழங்கையைத் தூக்கிவிட்டு, நிறுத்துவதற்கு ஓடி வந்து, மறுபடி போட்டு, மறுபடி ஓடி... நீள ஒயர் வாங்கினார். முதல் நாளே அதில் ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தாள். "ஒயரே வேணாம், புளூடூத் வெச்சிடலாம்," என்றார்.

ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் பெட்டியின் போட்டோவைப் பார்த்தவுடனே, "பாஸ், இனி லாமா சுடா லா, பெலி பாரு லா," என்று சிரித்தார். பழசாகிவிட்டது, புதுசு வாங்கு என்று எனக்கும் சொல்லத் தெரியும். புதுசு வாங்கிப் பார்த்தோம். தகர டப்பா சத்தம். தட்டு என்பது மரத்தில் மரம் படுகிற ஓசை. அந்தப் புதுப் பெட்டியில் அது யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவது மாதிரிக் கேட்டது. திருப்பிக் கொடுத்தோம்.

கடைசியில் ஆன்லைனில் ஒரு குட்டிச் சாமான் வந்தது. பெட்டியின் பல்வரிசையில் அப்படியே உட்காரும், போனிலிருந்து பாட்டைக் காற்றில் வாங்கிக் கொடுக்கும் என்று விளம்பரம். முதலில் வந்தது சிமிட்டிக்கொண்டே இருந்தது, வாய் திறக்கவில்லை. அதைத் திருப்பி அனுப்பி இன்னொன்று வாங்கினார். அது திறந்தது. "கனெக்டட்!" என்று ஒரு ஆங்கிலக்காரி ஹாலே அதிரும்படி கத்தினாள். தியான சுலோகம் சொல்லக் கண்ணை மூடியிருந்த பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அவளை வாயடைக்கவே முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் கத்திய பிறகு என் தட்டுக்குப் பதிலாக ஒரு ஆண் குரல், இனிப்பு நீர் வியாதிக்காரர்கள் என்ன சாப்பிடலாம் என்று மலாயில் விளக்கத் தொடங்கியது. மேல் மாடி அங்கிள் தன் புது ஸ்பீக்கர் என்று நினைத்து, தன் போனில் எங்கள் பெட்டியின் பேரைத் தொட்டுவிட்டார். அவரைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் பாதி வகுப்பு முடிந்தது. "சாரி லா ஆச்சி, ரெண்டும் ஒரே பேர்ல காட்டுது," என்றார். எனக்கு அவரைவிட இரண்டோ மூன்றோ வயது குறைவுதான். என்னை ஆச்சி என்கிறார்!

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான். நான் போனில் நிறுத்திவிட்டு மறுபடி போட்டால், அந்தச் சாமான் தூக்கத்திலிருந்து எழுந்து முழித்துக்கொள்வதற்குள் முதல் அடி போய்விடும். 'தா தை தை தா' என்று நான் தட்டியிருப்பேன். பெட்டி 'தை தை தா' என்று தொடங்கும். ஒவ்வொரு தடவையும். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. எனக்கோ அந்த முதல் அடிதான் எல்லாம். அதில்தான் பிள்ளை கால் வைக்க வேண்டும்.

"பாட்டுக்கு முன்னால கொஞ்சம் சும்மா விட்டா சரியாகிடும்," என்று கணவர் கம்ப்யூட்டரில் வெறும் அமைதியைச் சேர்த்தார். ஆரம்பத்தில் சரியானது. ஆனால் எங்கள் பதிவு ஒரே நீளப் பதிவு. வகுப்பில் யார் ஆரம்பத்திலிருந்து போடுகிறார்கள்? நடுவில் நிறுத்துவேன், நடுவில் போடுவேன். நடுவில் எல்லாம் அது முழுங்கியது.

"ஏங்க, ஒரு அடிங்க! ஒரே ஒரு அடியைக் காப்பாத்தத் துப்பில்லையா இதுக்கு?"

"அதோட குணம் அப்படிம்மா. கத்தினா மாறுமா?"

பிள்ளைகள்தான் சரிக்கட்டிக்கொண்டார்கள். முதல் சத்தம் காதில் விழுந்ததும் இரண்டாவது அடியை வைத்துத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் திட்டினேன். பிறகு எனக்கே சலித்துவிட்டது. மேடையில் எல்லாம் சரியாகத்தானே கேட்கப் போகிறது, அங்கே இன்னும் சுலபம் என்று விட்டுவிட்டேன்.

நவராத்திரிக்குக் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆடக் கூப்பிட்டிருந்தார்கள். கணவர் அந்த நீளப் பதிவிலிருந்து பிள்ளைகள் ஆடப்போகும் உருப்படியை மட்டும் வெட்டிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். வழக்கப்படி சலங்கைத் தட்டில் கழியையும் வைத்து எடுத்துப் போனோம். ஒலிபெருக்கிக்காரர் லோரியோடு ஜாமில் மாட்டி, கடைசி நிமிடத்தில்தான் வந்து சேர்ந்தார். ஒத்திகைக்கு நேரமில்லை.

திரை விலகியது. மண்டபம் அதிர 'தா' என்று விழுந்தது. முழு அடி, நான் மாதக்கணக்காகக் கேட்காத அடி. என் உடம்பு சிலிர்த்த அதே நொடியில் வரிசை முழுவதும் இரண்டாவது அடியை வைத்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. முதல் சத்தம் என்றால் இரண்டாம் அடி என்று அவர்களைப் பழக்கியது யார்? பிள்ளைகள் ஒரு அடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒன்றாக, அழகாக, தப்பாக. ஜதியை முடித்துவைக்கும் தீர்மானத்தில் தட்டு முடியும் முன்பே முடித்துவிட்டு, கை நீட்டியபடி நின்றார்கள். மிச்சமிருந்த ஒரு அடி அவர்கள் தலைக்கு மேலே போய் விழுந்தது. முதல் வரிசையில் நின்ற சின்னவள் பக்கவாட்டில் என்னைப் பார்த்தாள். அழப் போகிற முகம். கீழே உட்கார்ந்திருந்த அம்மாக்கள் போனை இறக்கிவிட்டு மேடையோரம் நின்ற என்னைப் பார்த்தார்கள். முடிந்தது, இதோடு வகுப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஜதியிலும் அதேபோல முன்னால் ஓடத் தொடங்கினார்கள். நான் பக்கத்தில் இருந்த சலங்கைத் தட்டிலிருந்து கழியை எடுத்துக் குனிந்து மேடைப் பலகையில் ஓங்கி அடித்தேன். தாளம் தொடங்கும் சமத்தில் ஒரு அடி, மறுபடி ஒரு அடி. மரத்தில் மரம் விழும் ஓசை கேட்டதும் பிள்ளைகளின் கால்கள் ஒரு கணம் தடுமாறி, ஒரு அடியை விட்டு, தாளத்தில் வந்து இறங்கின. உருப்படி முடியும்வரை தட்டினேன். வலிக்கவில்லை, நழுவவில்லை. கைதட்டல் வந்தபோதுதான் கழி எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் ரோட்டை மட்டும் பார்த்துக் கார் ஓட்டினார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லியிருந்தால் காரிலிருந்து இறங்கியிருப்பேன். அவருக்கும் அது தெரியும். எனக்கு நிம்மதியாக இல்லை. வெட்கமாக இருந்தது. சாமி மேடையில் கழியைத் திரும்ப வைத்தபோது மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே போனைத் திறந்தேன். "கனெக்டட்!" என்று அவள் கத்தினாள். பிள்ளைகள் வந்தார்கள், எல்லாரும் வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். நான் பெட்டிப் பக்கம் திரும்பினேன்.

முதல் வரிசைச் சின்னவள் யாரும் சொல்லாமல் சாமி மேடைக்குப் போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் செய்யாமல் விட்டதைச் செய்தாள். கழியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னிடம் வந்து, கொஞ்சம் யோசித்து, என் வலது கையைத் தாண்டி ஒரு எட்டு நகர்ந்து நின்றாள்.

"டீச்சர்," என்று இரண்டு கையாலும் என் இடது கைக்கு நேராக நீட்டினாள்.