சூசை அண்ணையும் இரும்பைத் தின்ற நல்ல தண்ணீரும்

செய்தி வந்தபோது நான் மொன்றியல் டவுன்டவுனில், வேலை செய்யும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சூசை அண்ணையின் மகள் மெலனி. வழக்கமாக என்னோடு பிரெஞ்சில் கதைக்கும் பிள்ளை அன்றைக்குத் தமிழில் சொன்னாள்: "அன்ரி, அப்பா விடியப் போயிட்டார்."

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். சாவதற்கு முன்னர் அவர் ஒரேயொரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். மேற்கு ஆபிரிக்காவில், டோகோ நாட்டின் ஒரு கிராமத்தில், அவர் திருத்திய கைப்பம்பியில் இன்னும் தண்ணீர் வருகிறதா என்பதுதான் அது. கேட்டுச் சொல்லும் வேலையை என்னிடம் தந்திருந்தார். நான் அதைச் செய்யவில்லை.

அடக்கப் பூசையில் பேசிய எல்லோரும் அவரை இரக்கமுள்ள மனிதர் என்றார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர் பராமரித்த கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்கு, பனிக்காலத்தில் ஹீட்டர் நின்றால் இரவு உடுப்பும் தொப்பியுமாக ஓடிவரும் அந்த மனிதரை நினைத்து அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனால் அவர் இருந்திருந்தால் தலையைச் சொறிந்திருப்பார். இரக்கத்தில் அவர் டோகோவுக்குப் போகவில்லை. ஒரு பொருள் ஏன் பழுதானது என்று தெரியாமல் அவரால் சும்மா இருக்க முடியாது. அந்தப் பொருள் எந்தக் கண்டத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான்.

தொடங்கியது மாதா கோவில் நிலவறை மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோப்பியோடு. அவருடைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கொட்ஜோ என்ற டோகோக்காரர் குடியிருந்தார். தாயின் ஊர்ப் படங்களைத் தொலைபேசியில் காட்டிக்கொண்டிருந்தவர், ஒரு படத்தை வேகமாகத் தள்ளப் பார்த்தார். "நில்லும், நில்லும்" என்றார் அண்ணை. ஒரு கைப்பம்பி. அதன் கைபிடியில் இரண்டு ஆடுகள் கட்டப்பட்டிருந்தன. பழுதாகி விட்டது, ஒருவரும் திருத்த வரவில்லை என்றார் கொட்ஜோ. வேறு யாராக இருந்தாலும் அதோடு "அடடா" என்று விட்டிருப்பார்கள். சூசை அண்ணை என் பக்கம் திரும்பி, "ரஞ்சி, உதில ஆடு கட்டத் தொடங்கி எவ்வளவு காலம் எண்டு கேளும்" என்றார்.

அண்ணைக்குப் பிரெஞ்சு தெரியும். ஆனால் அவருடைய பிரெஞ்சு முழுக்க, வாடகைக்கு இருப்பவர்களின் முறைப்பாடுகளிலிருந்து பொறுக்கியது. ஒழுகுது, அடைச்சிட்டுது, குளிருது, இன்னும் வரேல்லை என்பவற்றை எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் சரளமாகச் சொல்லுவார். அதற்கு மேலே போனால் நான் வேண்டும். அன்றைக்குக் கோப்பி ஆறும்வரை கேள்வி கேட்டார். கைபிடி லேசாக ஆடுமா, இறுக்கமாக ஆடுமா? கடைசியாக ஆர் திறந்தது? தண்ணீர் திடீரென்று நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா? கொட்ஜோ பாவம், அங்கேயே தாயைக் கூப்பிட்டார். மொன்றியலில் ஒருவர் தன்னுடைய ஆடுகளைப் பற்றி விசாரிக்கிறார் என்று கேட்டு அந்தத் தாய் சிரித்த சிரிப்பு எனக்கும் கேட்டது.

அந்தப் பனிக்காலத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு கொட்ஜோவோடு போய்விட்டார். வீட்டில் சொன்ன காரணம், "ஒருக்காத் திறந்து பாத்திட்டு வாறன்."

கைப்பம்பியில் கண்ணுக்குத் தெரிவது கைபிடி மட்டும். நிலத்துக்குக் கீழே, ஒன்றோடொன்று திருகிய இரும்புக் குழாய்கள் ஆழத்துக்குத் தொங்கும். தண்ணீர் ஏறி வருவது அவற்றின் வழியாக. அண்ணை திறந்தபோது தண்ணீரை மேலே இழுக்கும் தோல் வாசர் தேய்ந்திருந்தது, குழாய்கள் பல இடங்களில் அரித்து ஓட்டையாகியிருந்தன. வாசரை மாற்றினார். துத்தநாகம் பூசிய புது இரும்புக் குழாய்களைத் தலைநகரிலிருந்து கொண்டுவந்து போட்டார். தண்ணீர் வந்தது. ஊர் ஆடிப் பாடி அனுப்பிவைத்தது.

திரும்பி வந்தவர் பையிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து என் குசினி மேசையில் வைத்தார். இந்த இடத்தில் எங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப்பகுதியில் பிறந்தவர். உவர்க் கிணறுகளுக்கு நடுவே, நல்ல தண்ணீருக்குக் குடம் கட்டிச் சயிக்கிள் ஓடியவர். நான் யாழ்ப்பாணத்தில் கேத்திலுக்குள் சுண்ணாம்பு படிந்து படிந்து வளர்ந்தவள். எங்களுக்குத் தண்ணீரைப் பரிசோதிக்க ஒரே வழிதான். கொதிக்க வைத்துப் பாலில்லாத பிளேன்ரீ போட்டோம். அப்படி ஒரு நிறம்! உவர்ப்பு இல்லை, மேலே படியும் ஆடை இல்லை, சீனிகூடத் தேவைப்படவில்லை.

"இதெல்லோ தண்ணி" என்றார் அண்ணை. "உப்புத்தான் இரும்பைத் தின்னும். இதில உப்பே இல்லை. அந்தப் புதுக் குழாய் எங்கட காலத்துக்கு நிக்கும், பாரும்."

நானும் ஓம் என்று தலையாட்டினேன். தண்ணீரின் அமிலத்தன்மை பார்க்கும் தாள் ஆய்வுகூடத்தில் என் மேசை லாச்சிக்குள் கட்டுக்கட்டாகக் கிடந்தது. படித்த படிப்பும் பார்க்கும் வேலையும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு எங்கேயோ போய்விட்டன.

ஒரு வருடம் ஊரிலிருந்து சத்தமில்லை. சத்தமில்லாவிட்டால் சுகம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிறகு கொட்ஜோ தாயைப் பார்க்கப் போனார். போனவர் அனுப்பிய படத்தில் பம்பியின் கைபிடியில் மறுபடியும் ஆடுகள். தண்ணீர் வருகிறது, ஆனால் சிவப்பாக வருகிறது என்றார். வெள்ளைத் துணி காவி நிறமாகிறது, சோறு கறுக்கிறது. பெண்கள் ஓடைத் தண்ணீருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அந்த ஓடைத் தண்ணீரில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம்.

அண்ணை அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "அந்தப் போத்தலில மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார். இருந்தது. அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் தாளைத் தோய்த்தேன். நிறம் மாறியதைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. கருங்கல் நிலத்துத் தண்ணீர் அது. சுண்ணாம்பு துளியும் கிடையாது, அமிலம் உண்டு. நாங்கள் வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த சுண்ணாம்பு இரும்புக் குழாயின் உட்பக்கத்தில் படிந்து அதைக் காப்பாற்றும். அது இல்லாத நல்ல தண்ணீர், இரும்பை ஆசை தீரத் தின்னும். நான் இதை விளக்கியபோது அண்ணை கவலையோடுதான் கேட்டார். ஆனால் பாதியிலேயே அந்த முகம் மாறிவிட்டது. "அப்ப எங்கட ஊர்த் தண்ணி, குழாய்க்கு நல்ல தண்ணியோ!" என்றார். அத்தனை சங்கடத்திலும் ஒரு புது விஷயம் கிடைத்த சந்தோசத்தை அவரால் மறைக்க முடியவில்லை. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்த பனிக்காலம் நானும் போனேன். பம்பியடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். அண்ணை தொப்பியைக் கழற்றி, நான் எழுதிக் கொடுத்திருந்த நீளமான பிரெஞ்சைக் கைவிட்டு, தன்னுடைய முறைப்பாட்டுப் பிரெஞ்சிலேயே சொன்னார்: "பிழை என்னுடையது. தண்ணீரில் பிழையில்லை. உங்களில் பிழையில்லை. நான் பார்க்கவில்லை." வேறு சமாதானம் எதையும் சேர்க்கவில்லை. அமிலம், கருங்கல் என்று நான் விளக்கம் சொல்ல வாயெடுக்க, "பொறும்" என்று கையைக் காட்டினார்.

அப்போது அகூவா என்ற பெண் எழுந்தார். சந்தையில் சோறு சமைத்து விற்பவர். அந்தக் கூட்டத்தில் அவர் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள். "போன முறை நீ எங்களிடம் அவ்வளவு கேள்வி கேட்டாய். சோறு என்ன நிறத்தில் வருகிறது என்று மட்டும் ஏன் கேட்கவில்லை?" என்றார். பிறகுதான் உண்மை வெளியே வந்தது. பழைய பம்பி ஓடிய காலத்திலும் சோறு கறுத்துத்தான் இருந்தது. அந்தப் பம்பி பழுதானபோது ஒருவரும் அவசரப்படாததற்குக் காரணம் அதுதான். புதிதாகத் திருத்திய பின்னர் முதல் சில மாதங்கள் வெள்ளையாக வந்தது, பிறகு பழையபடி. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து சொந்தக் கையால் திருத்தியவரிடம் உங்கள் தண்ணீர் கூடாது என்று எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

"நாங்களும் அப்பிடித்தானே, ரஞ்சி" என்றார் அண்ணை என்னிடம். "விருந்துக்குப் போன வீட்டில உப்புக் கூடினாலும் சொல்லமாட்டம்."

இந்த முறை கொண்டுபோனது துருப்பிடிக்காத எவர்சில்வர் குழாய்கள். அண்ணை ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "நான் தொட்டா நான் திருத்தினதாப் போயிடும்" என்றார். அகூவாவும் இன்னும் மூன்று பெண்களும் பழைய குழாய்களை இழுத்தெடுத்தார்கள். ஒரு தரம் திருகு பிசகி ஒரு குழாய் கீழே நழுவப் பார்த்தது. அண்ணை முக்காலியோடு சேர்ந்து எழும்பிவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தார். வாழ்க்கையில் அவர் செய்த மிகக் கஷ்டமான வேலை அந்த உட்கார்ந்திருத்தல்தான் என்று பிறகு சொல்லி நான் பகிடி பண்ணுவதுண்டு. அடுத்த நாள் அகூவா அந்தத் தண்ணீரில் ஒரு பானை சோறு வடித்து வந்து, வாழையிலையில் கொட்டினார். வெள்ளை. ஒருவரும் கை தட்டவில்லை, எல்லோரும் சாப்பிட்டோம்.

அதன்பிறகு சில வருடங்கள் அகூவா என் தொலைபேசிக்கு எடுப்பார். கைபிடி சத்தம் போடுகிறது, என்ன செய்யலாம் என்பார். நான் மொழிபெயர்ப்பேன். அண்ணை பதில் சொல்லமாட்டார், "அவ என்ன நினைக்கிறா எண்டு கேளும்" என்பார். கொட்ஜோ வேலை தேடிக் கனடாவின் மேற்குப் பக்கம் போய்த் தாயையும் அங்கே எடுப்பித்துக்கொண்டார். ஊரோடு எங்களுக்கு இருந்த தொடுப்பு அந்த ஒரு இலக்கம்தான். கடைசி ஒரு வருடமாக அதிலிருந்தும் அழைப்பு வரவில்லை.

இதற்குள் அண்ணையின் சுவாசப்பை அவரைக் கைவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு, ஒரு வசனத்தை மூன்றாக உடைத்துத்தான் கதைத்தார். தொலைபேசியில் கதைக்க மூச்சுக் காணாது. "போன முறையும் சத்தமில்லாமத்தான் இருந்தது, ரஞ்சி" என்றார். "ஒருக்கா எடுத்துக் கேளும்."

நான் எடுக்கவில்லை. மறுபடியும் ஆடு கட்டியிருக்கிறது என்று அகூவா சொன்னால், அதை அந்தக் கட்டிலுக்கு எப்படிக் கொண்டுவருவது? லைன் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். அவர் விடுவாரா? "ரிங் போகுதோ, இல்லாட்டி உடன கட் ஆகுதோ?" என்று கேட்டார். என் பொய்யிலும் பழுது எங்கே என்று தேடினார். ரிங் போகுது, எடுக்கினமில்லை என்றேன். "அப்ப போன் உயிரோடதான் இருக்கு" என்று முகம் மலர்ந்தார். "பேந்து எடுத்துப் பாரும்." ஒவ்வொரு நாளும் கேட்டார், ஒவ்வொரு நாளும் அதே பொய்யைச் சொன்னேன். மெலனி என்னைக் கூப்பிடும்வரை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் எடுத்தேன். இரண்டாவது ரிங்கிலேயே அகூவா வந்தார். செய்தியைச் சொன்னேன். அவர் யாரையோ கூப்பிட்டு ஏதோ சொன்னார். பிறகு மூக்கை உறிஞ்சினார். அழுகிறார் என்று விளங்கியது. பம்பி எப்படி என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஓடுகிறது. இரண்டு தரம் பழுதானது. ஒரு தரம் உள்ளுக்குள் கம்பி கழன்றது, மற்றத் தரம் வாசர் தேய்ந்தது. திறந்து திருத்தினோம்."

"ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?"

"சொல்ல என்ன இருந்தது? திருத்திவிட்டோமே" என்றார் அகூவா. பிறகு, "அவர் எங்களைப் பற்றிக் கேட்டாரா?" என்றார்.

"ஒவ்வொரு நாளும்."

"நீ என்ன சொன்னாய்?"

நல்லா ஓடுகிறது என்று சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு முன்னால்தானே அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி நின்றார். நான் பயந்தேன், உங்களுக்கு எடுக்கவேயில்லை, அவருக்குப் பொய் சொன்னேன் என்றேன். அகூவா திட்டவில்லை. "அப்படியானால் தெரியாமலா போனார்?" என்று மட்டும் கேட்டார்.

சூசை அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருக்குச் சேர வேண்டிய அந்தப் பதில்தான். கல்லறையில் போய்ச் சொல்லுங்கோ அன்ரி என்றாள் மெலனி. யாருமில்லாத இடத்தில் சொல்வது எனக்குச் சுலபம். அதனால்தான் அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன். பிழை என்னுடையது, அண்ணை. தண்ணீர் வருகிறது. இரண்டு தரம் நின்றது, இரண்டு தரமும் அவர்களே திருத்தினார்கள். உங்களைக் கூப்பிட வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை.