யூனிஃபார்மைக் கண்டால் நிற்காத பஸ்

போன வாரம் தங்கை சுமதி போன் செய்தாள். “அண்ணே, என் பிள்ளைங்க இங்கிலீஷ்ல சண்டை போடுறாங்கண்ணே!”

குரலில் அப்படியொரு சந்தோஷம். பிள்ளைகளின் சண்டைக்குச் சந்தோஷப்படும் டீச்சரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

சுமதி திருமயம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்காக இன்டர்நெட்டில் ஒரு பிளாக் ஆரம்பித்திருந்தாள். பிள்ளைகள் இங்கிலீஷில் எழுதலாம். யாரும் படிக்கலாம், பதில் போடலாம். வந்ததெல்லாம் என்ன? ‘என் பள்ளி’, ‘என் தாய்’... எல்லாம் நோட்ஸிலிருந்து இறக்கியவை. படித்தது சுமதி ஒருத்திதான். பாவம், அவளுக்கே கொட்டாவி வந்திருக்கும்.

அப்புறம் காவ்யா என்ற மாணவி நாலு வரி போட்டாள். தமிழில் சொன்னால் இப்படி: ‘காலையில் எங்கள் ஸ்டாப்பில் ஆவுடையார்கோவில் பஸ் நிற்பதில்லை. யூனிஃபார்மைப் பார்த்ததும் வேகமாகப் போகிறது. நாங்கள் ஓடுகிறோம். முதல் பீரியட் போய்விடுகிறது.’

அந்த முதல் பீரியட் இங்கிலீஷ்தான்! இப்படியே லேட்டானால் படிப்பை நிறுத்திவிடலாம் என்று காவ்யா வீட்டில் வேறு பேச்சு...

ஆவுடையார்கோவிலில் டீச்சராக இருக்கும் சுமதியின் தோழி, இதைத் தன் வகுப்பில் காட்டியிருக்கிறார். மறுநாள் காவ்யாவின் வரிகளுக்குக் கீழே ஒரு பதில், அதுவும் இங்கிலீஷில். ‘அந்த பஸ் கண்டக்டர் என் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. நீங்கள் படியில் தொங்குகிறீர்கள். ஒருவன் விழுந்தான். மெமோ வாங்கியது என் அப்பா.’ எழுதியவள் பெயர் ரம்யா.

அவ்வளவுதான், சுமதியின் வகுப்பே கொதித்துவிட்டது. சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. “மிஸ், உள்ள எடமில்லாமத்தான் தொங்குறோம்னு எப்படி மிஸ் எழுதுறது?” டிக்‌ஷனரிக்கு அடிதடி.

ஹெட்மாஸ்டருக்குப் பயம். “எதுக்கும்மா வம்பு? பிளாக்கை மூடிருங்க.”

“இப்பத்தான் சார் வாயைத் தொறந்திருக்காங்க!” என்று சுமதி மறுத்துவிட்டாள்.

எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. மார்க்குக்காக எழுதினால் வார்த்தை வராது. பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தால் தட்டுத்தடுமாறியாவது வந்துவிடும். நான் மட்டும் என்ன? வாசகர்கள் உங்கள் கடிதம் வராத வாரம் எனக்கும் பேனா ஓடுவதில்லை.

சண்டை மெல்லத் தணிந்தது. ‘நாங்கள் தொங்காமல் வந்தால் உன் அப்பா நிறுத்துவாரா?’ என்று காவ்யா கேட்டாள். ‘கேட்டுப் பார்க்கிறேன்’ என்றாள் ரம்யா.

இந்தத் திங்கட்கிழமை பஸ் நின்றது! கண்டக்டரே “உள்ள தள்ளிப் போங்க, புள்ளைக ஏறட்டும்” என்று இடம் செய்து கொடுத்தாராம். இதைச் சுமதியிடம் சொன்னது காவ்யாதான் — அன்றைக்கு முதல் பீரியடிலேயே.

பஸ் கிளம்பியதும் கண்டக்டர் கேட்டிருக்கிறார்: “என்னையப் பத்தி எழுதுன புள்ள யாரு?”

காவ்யா பயந்துகொண்டே கையைத் தூக்கினாள்.

“எம் மகதான் படிச்சு அர்த்தம் சொன்னா. மனசுக்குக் கஷ்டமாப் போச்சு ஆத்தா... ஏன், தமிழ்ல எழுதியிருந்தா நானே படிச்சு அப்பவே நிறுத்தியிருப்பேன்ல?”