யூதாஸ் மேல் என்ன குற்றம்?

தொண்ணூறுகளின் நடுவில், அப்புத்தளைக்குக் கீழே இருந்த ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நானும் என் தோழியும் படிப்பித்தோம். நான் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவர் பதுளையில் அலுவலக வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவரின் மகள். பள்ளிக்கூடத்தில் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகம். ஞாயிறு மத்தியானம் தோட்டத்துக் கோயிலில் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கும்போது மட்டும் சண்டை.

"காட்டிக்குடுப்பான் எண்டு ஆண்டவருக்கு முதலே தெரியும். எல்லாம் முன்குறிச்சாச்சு, டீச்சர்" என்பார் அவர்.

"அப்ப யூதாஸ் மேல என்னங்க குத்தம்? செய்ய வச்சிட்டு, செஞ்சதுக்குத் தண்டனையா?"

"களிமண் குயவனிட்டக் கேள்வி கேக்கலாமோ?"

"யாரைச் சேவிக்கிறதுன்னு நீங்களே தெரிஞ்சுக்கோங்கன்னு யோசுவா களிமண்ணுகிட்டயா சொன்னாரு?"

பெண்கள் சிரிப்பார்கள். சன்னல் வழியாக பனிமூட்டம் உள்ளே வரும். யாராவது எழுந்துபோய்ச் சாத்துவார்கள். நாங்கள் விடமாட்டோம்.

முன்வரிசை வாங்கில் எப்போதும் பேசாமல் இருப்பவள் ஒருத்தி. எங்கள் வயதுதான், கொழுந்து பறிப்பவள். கணவர் குடித்துக் குடித்துக் கடைசியில் கொழும்புக்குப் போய்விட்டார். மூன்று வருடம் ஒரு தகவலும் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளையும் அவளே வளர்த்தாள். ஒரு மார்கழியில் அவர் குடியை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறு அவளோடு கோயிலுக்கு வந்து, சாட்சி சொல்ல வேண்டும் என்று எழுந்து நின்றார்.

"நான் குடிச்சதும் கொழும்புல சீரழிஞ்சதும் கர்த்தர் முன்னாடியே குறிச்சதுங்க. இல்லாட்டி இன்னைக்கு இங்க நின்னுருக்க மாட்டேன்."

யாரோ ஆமென் சொன்னார்கள். என் தோழியும் தலையாட்டினார். அப்போது பக்கத்தில் இருந்த மனைவி எழுந்தாள்.

"குடிச்சது நீங்க. அதைச் சாமி மேல போடாதீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உட்காரவில்லை.

"திரும்பி வர மனசக் குடுத்தது அவரு. அதுல ஒங்க கெட்டித்தனம் ஒண்ணுமில்ல. ஆனா கதவத் தொறந்தது நான். தொறக்காமயும் இருந்திருப்பேன். ஒரு மணி நேரம் உள்ளாற நின்னு யோசிச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா, குடிச்சது நான்தான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

நானும் தோழியும் பஸ் ஏற நடந்தோம். வழியில் அவர் சொன்னார்: "அவ யோசிச்சுக்கொண்டு நிண்ட அந்த ஒரு மணித்தியாலமும் ஆண்டவருக்குத் தெரிஞ்சுதான் இருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்ங்க. ஆனாலும் அவரு கதவத் தள்ளல."

தோழி ரோட்டிலேயே நின்று சிரித்தார்.

அந்த மனிதர் பிறகு ஒரு முறை சறுக்கிக் குடித்தார். அவள் உள்ளே விடாததால் ஒரு வாரம் தன் அண்ணன் வீட்டில் இருக்க வேண்டி வந்தது. அதற்குப் பின் குடியைத் தொடவில்லை. மூத்த மகளின் கல்யாணத்தில் அவர்தான் பந்தி பரிமாறினார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தோழி கனடாவுக்குப் போனார். போய் எழுதிய முதல் கடிதத்தில், பவுல் பிலிப்பியருக்கு எழுதியதைப் பார்க்கச் சொல்லியிருந்தார். உங்கள் இரட்சிப்புக்காக நீங்களே பாடுபடுங்கள் என்கிறார் பவுல். விரும்பவும் செய்யவும் உங்களுக்குள் செயல்படுகிறவர் தேவன் என்று மூச்சுவிடாமல் சேர்த்துக்கொள்கிறார். "உங்கட கட்சியும் என்ர கட்சியும் பக்கத்துப் பக்கத்திலதான் இருந்திருக்கு, டீச்சர். நாங்கள்தான் ஆளுக்கொரு வரியப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறம்."

இப்போதும் வேதபாடம் எடுக்கிறேன். நான் எதைச் சொன்னாலும் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். "இல்லை டீச்சர்" என்று பாதியில் குறுக்கிட ஒருவரும் இல்லை.