ஒகேனக்கல் இறக்கத்தில் என் சைக்கிள்

1969-ஆம் ஆண்டு, வைகாசி மாதம். அப்போது நான் பென்னாகரத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். வயது இருபத்தாறு. கிராம சேவிகா வேலை. ஊர் ஊராகப் போய் மாதர் சங்கக் கூட்டம் நடத்த வேண்டும், குழந்தைகளுக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுக்க வேண்டும், மாசமாக இருக்கிற பெண்கள் என்ன சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது கம்பைநல்லூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பெங்களூரில் மில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சில வருடங்கள் ஓடின. குழந்தை இல்லை. ஒருநாள் அவர் வேறொரு பெண்ணை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பினேன். ஊர் எனக்கு வாழாவெட்டி என்று பேர் வைத்தது.

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோற்றை வடித்துவிட்டுக் கொல்லைக்குப் போவேன், கொல்லையிலிருந்து தெருவுக்கு வருவேன், தெருவிலிருந்து கிணற்றடிக்குப் போவேன். படுத்தால் கால் இரண்டும் தானாக ஆடும். "உனக்குக் கால்ல சக்கரம் கட்டியிருக்குது" என்று அண்ணி சலித்துக்கொள்வார். ஏதோ நோய் வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

வேலைக்கு மனுப் போட்டதே அந்தத் தவிப்பில்தான். வேலை கிடைத்ததும், சுற்ற வேண்டிய ஊர்கள் தூரம் தூரமாக இருப்பதால் சைக்கிள் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். வறண்டு கிடந்த ஓர் ஏரிக்குள் விடியற்காலையில் தள்ளிக்கொண்டு போய், விழுந்து எழுந்து நானே பழகினேன். முதல் மாதம் தெருவில் போகும்போது டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். இரண்டாம் மாதம் நின்ற பேச்சு மறுபடி ஆரம்பித்துவிட்டது. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள்.

இப்படி ஒரு வருடம் ஓடியிருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தார். அண்ணன் மாம்பழத்தோடு வந்தால் விஷயம் இருக்கும்.

"பாப்பா, உங்க மாமனார் ஆளனுப்பியிருந்தாரு. உன்னியக் கூட்டிட்டுப் போறேங்கறாரு. அந்தப் பொண்ணுக்கும் கொழந்த இல்லையாம். நீ ஒரு ரூம்ல, அவ ஒரு ரூம்ல. நாளைக்குச் சாயங்காலம் நேராவே வர்றாரு."

நான் மாம்பழப் பையை வாங்கி உள்ளே வைத்தேன். அண்ணன் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தங்கை தனியாக இருக்கிறாள் என்று ஊர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அவர் களைத்திருந்தார்.

மறுநாள் காலை அண்ணன், மாமனாரை அழைத்து வரத் தருமபுரி பஸ் ஏறினார். நான் வீட்டைப் பெருக்கினேன். பெருக்கிய வீட்டையே மறுபடியும் பெருக்கினேன். பெங்களூர் வீட்டின் அந்த ஒரு ஜன்னல் மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். சைக்கிளை எடுத்தேன். அண்ணன் கொண்டு வந்த மாம்பழப் பையை முன்கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. தெருமுனையில் ஒகேனக்கல் ரோடு பக்கம் சக்கரம் திரும்பியது.

ஒரு வருடமாகப் பென்னாகரத்தில் இருந்தும் நான் காவிரியைப் பார்த்ததில்லை. ஆடிப் பதினெட்டுக்கோ, அஸ்தி கரைக்கவோ குடும்பத்தோடு போகிற இடம் அது. ஒற்றைப் பெண் எதற்குப் போவாள்?

சமவெளியில் பத்து மணி வெயில் முதுகில் ஏற, மிதித்தேன். வெறி பிடித்தவள் போல மிதித்தேன் என்றே சொல்ல வேண்டும். காடு ஆரம்பித்ததும் ரோடு இறங்கத் தொடங்கியது. மிதிக்கவே வேண்டாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மூங்கில் காடு, முகத்தில் காற்று. முந்தானை பின்னால் பறந்தது. எனக்குள் எதுவோ கட்டவிழ்ந்து நான் சத்தமாக ஏதோ கத்தியது நினைவிருக்கிறது. என்ன கத்தினேன் என்பது நினைவில்லை.

வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திப் பிடித்ததில் ரப்பர் தீய்ந்த வாசனை வந்தது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். பின் பிரேக் கட்டை கழன்று ரோட்டில் துள்ளிப் போனது. முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் தலைகுப்புற விழுவேன் என்று பயம். செருப்புக் காலை முன் டயரில் வைத்து அழுத்தினேன். வேகம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அப்படியே அடுத்த வளைவு திரும்பினேன்.

நடுரோட்டில் யானை.

ஒற்றை யானை. எனக்கு முதுகைக் காட்டி நின்று மூங்கிலை இழுத்துக்கொண்டிருந்தது. யோசிக்க நேரமே இல்லை. ஹேண்டில் பாரை ஓரத்துப் பள்ளத்தின் பக்கம் ஒடித்தேன். நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். உருண்டு போய் ஓர் உண்ணிச்செடிப் புதருக்குள் கிடந்தேன். சைக்கிள் ரோட்டின் ஓரத்தில் கிடக்க, அதன் சக்கரம் மட்டும் 'கிர்ர்' என்று சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்துக்கு யானை திரும்பியது. காதை விரித்து நின்றது. பிறகு நிதானமாக நடந்து வந்தது. நான் கிடந்த இடத்திலிருந்து அதன் கால் நகங்களை எண்ணலாம் போலிருந்தது. என் கழுத்தில் எறும்புகள் ஏறிக் கடிக்கத் தொடங்கின. கையைத் தூக்கித் தட்டத் துணிவில்லை. மூச்சை எவ்வளவு சின்னதாக விட முடியுமோ அவ்வளவு சின்னதாக விட்டேன்.

யானை தும்பிக்கையால் சைக்கிளைப் புரட்டியது. கூடையிலிருந்த பையை உருவி உதறியது. மாம்பழங்கள் சிதறின. ஒவ்வொன்றாக எடுத்து, அவசரமே இல்லாமல், விருந்துக்கு உட்கார்ந்தவர் போலத் தின்றது. எல்லாம் முடிந்ததும் முன்சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்து, எடுத்து, நான் வந்த வழியாகவே மேட்டில் ஏறிப் போனது. கம்பிகள் நொறுங்கிய சத்தம் என் பல்லில் கூசியது.

அது கண்ணை விட்டு மறைந்து வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். முழங்கால் கிழிந்திருந்தது, மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதையெல்லாம் பிறகுதான் கவனித்தேன். முதலில் ஓடியது சைக்கிளிடம். முன்சக்கரம் அப்பளம் போல வளைந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அடக்க முடியாமல் அழுதேன். கணவர் இன்னொருத்தியைக் கூட்டி வந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

திரும்பிப் போக முடியாது, மேலே யானை இருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பின்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு கீழே நடந்தேன். கை வலித்தால் கொஞ்சம் நிற்பேன், மறுபடி நடப்பேன். கடைசியில் மரங்களுக்கு அப்பால் இரைச்சல் கேட்டது. தண்ணீர்ச் சத்தம்.

ஆற்றங்கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் என்னை முதலில் பார்த்தாள். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னங்க இது கோலம்? ஆரு கூட வந்தீங்க?"

"தனியாத்தான் வந்தேங்க்கா. வழியில ஆனை."

"தனியாவா? சைக்கிள்லயா?" என்று என்னை ஒருமுறை, சைக்கிளை ஒருமுறை பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "அந்த ஒத்த ஆனையா? நேத்து ஒரு வண்டிக்காரனத் தொரத்திருச்சு. உன்னிய உட்டுருச்சே. குந்து" என்றாள். 'ங்க' போய் 'உன்னிய' ஆகிவிட்டது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

காயத்தைக் கழுவி மஞ்சள் பற்றுப் போட்டாள். வாழையிலைக் கிழிசலில் சூடாக ஒரு மீன் துண்டு வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும், "இப்ப எங்க போவணும்? வூட்டுக்கா? பஸ்ஸு சாயங்காலந்தான்" என்றாள்.

"அக்கரைக்குப் போகணும்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவள் சிரித்துவிட்டுத் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் பரிசல் ஓட்டுபவர். ஆறு அப்போது பெருகியிருக்கவில்லை. ஆனாலும் பரிசலில் கால் வைத்ததும் அது ஒருபக்கம் சாய்ந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. இரண்டு பக்கமும் கரும்பாறைகள் உயர்ந்து நிற்க, நடுவில் போகும்போது அவர் துடுப்பை ஒரு போடு போட்டார். பரிசல் பம்பரம் போலச் சுற்றியது. பாறை, வானம், அருவிப் புகை எல்லாம் சுற்றின. நான் சிரிக்கிறேன் என்பதே சிறிது நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அக்கரை அப்போது மைசூர் மாநிலம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "எல்லிந்த பந்த்ரி?" என்று கேட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்கிறார். பெங்களூரில் இருந்த நாட்களில் எனக்கும் கொஞ்சம் கன்னடம் வந்திருந்தது. அந்த மொழியை நினைத்தாலே கசக்கும். அன்று கசக்கவில்லை. பென்னாகரத்திலிருந்து சைக்கிளில் வந்தேன் என்று கன்னடத்திலேயே சொன்னேன். "ஒப்பரேனா?" என்றார் வியப்போடு. ஆமாம், ஒருத்தியாகத்தான் என்றேன். அந்தக் கரையில் ஒரு பாறை மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் ஆடவில்லை.

சாயங்காலப் பஸ்ஸில், சைக்கிளை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு பென்னாகரம் வந்து இறங்கினேன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கிழிந்த புடவையும் மஞ்சள் பற்றுமாக, நொறுங்கிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து மாமனார் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

தண்ணீர் கொண்டு வந்து மாமனாருக்குக் கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை. குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நடந்தது நடந்துபோச்சு. பழச உட்டுரு. அங்க வந்தா உனக்கு ஒரு கொறையும் இருக்காது. இந்தச் சைக்கிளு, வேல, இதெல்லாம் வேண்டாம். வூட்ட வுட்டு எங்கயும் போகத் தேவையில்ல."

"நான் வரலீங்க, மாமா."

"ஏன்னு ஒரு காரணம் சொல்லு."

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த காரணங்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றும் வரவில்லை. "இன்னிக்கு ஆனைகிட்ட மாட்டிக்கிட்டேங்க. செத்துப்போயிருவேன்னுதான் நெனச்சேன். அப்பக்கூட உங்க மகன் ஞாபகம் வரலீங்க" என்றேன்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "உடம்பப் பாத்துக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அண்ணன் அன்று என்னோடு பேசவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். காலையில் நான் எழுந்தபோது அண்ணனையும் காணோம், சைக்கிளையும் காணோம். ஆத்திரத்தில் எங்கேயாவது கொண்டு போய்ப் போட்டுவிட்டாரோ என்று பதறிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிரே அவர் உருட்டிக்கொண்டு வந்தார்.

"முன்சக்கரத்துல கோட்டம் எடுக்க முடியாதுன்னுட்டான் சைக்கிள் கடக்காரன். வேற சக்கரம் மாட்டிட்டேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "பின்னாடிப் பிரேக்குக்கும் புதுக் கட்டை போட்டிருக்குது. இனிமே எறக்கத்துல எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ, பாப்பா."

அதன் பிறகு அந்த வட்டாரத்தில் நான் போகாத ஊர் இல்லை. வத்தல்மலைக்கு நடந்தே ஏறினேன். எழுபதுகளில் ஒருமுறை தனியாக ரயிலேறி டெல்லி வரை போய் வந்தேன். யாராவது என்னைத் தைரியசாலி என்று சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். புதருக்குள் எறும்பு கடிக்கக் கிடந்தவளுக்கு எவ்வளவு பயம் இருந்தது என்பது எனக்குத்தானே தெரியும். இன்றும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாட்களில் நோய் என்று நான் நினைத்து அஞ்சிய அந்தத் தவிப்பு, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று என் உடம்பு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த சேதி என்பதை மட்டும் அன்றைக்குப் பிறகு நான் ஒருநாளும் மறந்ததில்லை.