கல்லு ரெயினும் ஆறு அம்பத்திரண்டும்

பிளாட்போமிலை ரீக்கடை வைச்சிருக்கிறவளுக்கு வாற சனமெல்லாம் போற சனம்தான், ஒருத்தரும் ஆறுதலா இருந்து குடிக்க வாறேல்லை. லண்டனிலை, ஈஸ்ட் ஹாமிலையிருந்து பஸ்ஸிலை கொஞ்சத் தூரம் எங்கடை ஸ்ரேசன். அதிலை ஒரு அலுமாரியளவு கடை. உள்ளுக்கை நான், பால் போத்தலுகள், தண்ணி கொதிக்கிற மெஷின், பற்றிஸ் தட்டு. விடிய வெள்ளண வேலைக்கு ஓடுற ஆக்களெண்டால் நான் சொல்லப்போறது உங்களுக்கு விளங்கும். நீங்களும் பிளாட்போமிலை நிண்டு, அந்த ஸ்கிரீனைப் பாத்துப் பாத்துப் பல்லைக் கடிச்ச ஆக்கள்தானே.

என்ரை மணிக்கூடு

படியாலை விழுந்தடிச்சு ஓடி வாறவைக்கு, நான் ரீ ஊத்தி மூடி போட்டுக் குடுக்கிறவரைக்கும் நிக்க நேரமில்லை. அதாலை அவை வர முன்னமே ஊத்தி வைச்சிடுவன். எப்ப ஊத்திறதெண்டு சொல்லுறது கல்லு ரெயின். கட்டிட வேலைக்குக் கல்லும் மண்ணும் ஏத்திக்கொண்டு ஒரு கூட்ஸ் ரெயின் ஒவ்வொரு விடியவும் எங்களைக் கடந்து போகும். கடைக் கண்ணாடி கிடுகிடு எண்டு ஆடும். ஆடினதும் பாலைச் சூடாக்குவன். பால் கொதிக்கச் சனம் படியிலை நிக்கும், நான் மூடி போட ஆறு அம்பத்திரண்டு ரெயின் வந்திடும். வருசக்கணக்கா இப்பிடித்தான். சுவரிலை ஒரு மணிக்கூடு தொங்குது, நான் அதை நிமிர்ந்தும் பாக்கிறேல்லை.

முதல் ரீ ரஜனிக்கு. வேலை விசாவிலை யாழ்ப்பாணத்திலையிருந்து வந்த பிள்ளை. ஆஸ்பத்திரியிலை நோயாளியளைத் தூக்கி, துடைச்சு, சாப்பாடு தீத்திற வேலை. அப்ப அவளுக்கு ப்ரொபேஷன் காலம். அது முடியிறவரைக்கும் பிந்தப்படாது. வேலை போனால் விசா போச்சு, விசா போனால் ஊருக்குப் பிளேன் ஏறவேண்டியதுதான். ஆறு அம்பத்திரண்டிலை போனால்தான் ஷிப்டுக்குச் சரியா நிப்பாள். ஒருநாள் கப்பை என்ரை கையாலை பறிச்சுக்கொண்டு ஓடேக்கை, "நிண்டு ஒரு வாய் குடி பிள்ளை" எண்டன். ஓடிக்கொண்டே சொன்னாள்: "குடிக்க எங்கையக்கா நேரம்? கை சூடா இருக்கட்டும் எண்டுதான் வாங்கிறன்."

மைக்கிலை போன கதை

ஒருநாள் கண்ணாடி ஆடேல்லை. நான் போத்தலும் கையுமா நிக்கிறன், சனம் படியாலை இறங்குது, ஒரு கப் ஊத்தி வைக்கேல்லை. சரி, ரெயினாவது வருமெண்டு பாத்தால் அதையும் காணேல்லை. ஸ்ரேசனிலை வேலை செய்யிற பீற்றரிட்டைப் போய் நிண்டன். பீற்றர் மன்னார்ப் பொடியன், நல்லவன். மைக்கிலை மன்னிப்புக் கேக்கிறதுதான் இப்ப அவன்ரை முழுநேர வேலை.

அவன் சொன்னான், கல்லு ஏத்திற கொம்பனியும் துறைமுகத்திலையிருந்து பெட்டி ஏத்திற கொம்பனியும் ஒண்டாகிட்டுதாம். முந்தி இரண்டும் தனித்தனியா, கட்டையா ஓடினதுகள். எங்கடை ரெயின் வந்தால் பக்கத்துத் தண்டவாளத்திலை ஒதுங்கி நிண்டு வழி விடுங்கள். இப்ப மிச்சம் பிடிக்கிறமெண்டு இரண்டையும் கொழுவி ஒரே நீட்டு ரெயினா விடுகினம். அந்தப் பக்கத்துத் தண்டவாளத்துக்குள்ளை அது கொள்ளாது. தலை உள்ளை போனாலும் வால் வெளியிலை கிடக்கும். அதாலை அது முன்னாலை வந்திட்டால், அது ஊர்ந்து போய் முடியுமட்டும் ஆறு அம்பத்திரண்டு பின்னாலை சிவப்பு லைற்றிலை கிடக்கவேணும். ரோட்டிலை லொறி குறையும், ஊருக்கு நல்லது எண்டும் சொன்னான். குறையட்டும், எனக்கும் லொறிப்புகை பிடிக்காது. ஆனால் ஒதுங்கத் தெரியாத சாமானை என்ன கோதாரிக்கு எங்கடை வழியிலை விடுகினம்? எனக்கு வந்த கோவத்துக்கு, "உவை கலியாணம் கட்டினால் கட்டட்டும், நான் ஏன் காவல் நிக்கவேணும்? நானென்ன பொம்பிளைத் தோழியே?" எண்டு கத்திப்போட்டன். பிளாட்போம் முழுக்கத் திரும்பிப் பாத்துச் சிரிக்குது. பீற்றர் என்ரை முகத்தைப் பாக்காமல் சொன்னான்: "அக்கா, நான் மைக்கை நிப்பாட்ட மறந்திட்டன்."

பஸ்ஸுக்கு ஓடு

அந்தக் கல்லு ரெயினாலை ரஜனி இரண்டுதரம் பிந்திப் போயிட்டாள். இன்னொருக்காப் பிந்தினால் வேலை இல்லையெண்டு மேலாள் சொல்லிப்போட்டா. பிள்ளை அதை என்னட்டைச் சொல்லிப்போட்டு, ஊத்தின கப்பையும் எடுக்காமல் ஓடினாள். அண்டையிலையிருந்து எனக்கு ஒரு இடத்திலை நிக்க ஏலாமல் போச்சு. கண்ணாடியைப் பாப்பன், தண்டவாளத்தை எட்டிப் பாப்பன், திரும்பக் கண்ணாடியைப் பாப்பன். கண்ணாடி ஆடினால் கல்லு ரெயின் போயிட்டுது, ஆறு அம்பத்திரண்டுக்கு வழி சரி. ஆடாட்டி, அந்தச் சனியன் முன்னாலை வரப்போகுது. ஸ்கிரீன் கடைசி நிமிசம் வரைக்கும் 'நேரத்துக்கு வருது' எண்டுதான் பொய் சொல்லும்.

அதாலை கண்ணாடி ஆடாத நாளிலை நான் கடைக்குள்ளை நிண்டே கத்துவன்: "ஆடேல்லை! பஸ்ஸுக்கு ஓடு பிள்ளை!" ரஜனி வந்த படியாலை திரும்பி ஓடுவாள். அவள் ஓடுறதைக் கண்டு மற்றச் சனமும் ஓடும். ஒருநாள் பால் இறக்க வந்த என்ரை மனுசன் பாத்தார், பிளாட்போமிலை ஒரு குருவி இல்லை, ஊத்தின ரீயெல்லாம் வரிசையா ஆறிக் கிடக்கு. அவர் பால் வான் ஓட்டுறவர், என்ரை கடைக்கும் வேறை கடையளுக்கும் பால் போடுறவர். ரெயின் பிந்தினால் சனம் நிக்கும், நிண்டால் குடிக்கும், இவள் ஏன் கலைக்கிறாள் எண்டு அவருக்குப் பத்தியெரிஞ்சுது. "அப்ப அந்தப் பிள்ளை பிந்திப் போகட்டோ?" எண்டு நானும் பாய்ஞ்சன். பால் கூடையை டங்கெண்டு வைச்சுப்போட்டுக் கேட்டார்: "நீ ரீக்கடை நடத்திறியோ, பஸ் கொம்பனி நடத்திறியோ?"

என்ரை சாத்திரம் பிழைச்சது

இன்னொருநாள் கண்ணாடி ஆடேல்லையெண்டு வழக்கம்போலை எல்லாரையும் கலைச்சுவிட்டன். பாத்தால், ஆறு அம்பத்திரண்டு கலியாண வீட்டுக் கார் மாதிரி மினுங்கிக்கொண்டு நேரத்துக்கு வந்து நிக்குது. அண்டைக்குக் கல்லு ரெயின் ஓடவேயில்லையாம், ஏனெண்டு கடவுளுக்குத்தான் தெரியும். கதவெல்லாம் திறந்துது. ஏற ஆளில்லை. பீற்றரும் நானும் ஆளையாள் பாத்தம், கதவு மூடிச்சுது, ரெயின் போச்சுது. ரஜனி நல்லகாலம் முதல் பஸ்ஸிலை ஏறி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திட்டாள். மற்றவை அடுத்த பஸ்ஸிலை ஏறி ரோட்டிலை கிடந்து அவிஞ்சவை.

அந்தப் பஸ்ஸிலை மாட்டுப்பட்டதிலை ஒருத்தர் கார்த்திக். சென்னைப் பொடியன், கொம்பியூட்டர் வேலை, சீனி கூடப்போட்ட ரீ. அடுத்தநாள் விடிய என்ரை கடைக்கு முன்னாலை கையைக் கட்டிக்கொண்டு வந்து நிண்டார். எனக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை, பற்றிஸ் தட்டை அடுக்கிறமாதிரி நிண்டன். அவர் நல்ல மரியாதையாக் கேட்டார்: "அக்கா, இன்னிக்கு எதுல போகக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க, நான் அதுலயே போயிடறேன்."

நீட்டு மதில்

ஒருநாள் அந்த நீட்டு ரெயின் எங்கடை ஸ்ரேசனுக்குள்ளையே வந்து நிண்டிட்டுது. பாதிப் பெட்டியிலை கல்லுக் கொம்பனி நிறம், பாதியிலை மற்றக் கொம்பனி நிறம், இரண்டிலையும் தூசி. எதிர்ப்பக்கத்து வீடு, மரம், வெளிச்சம் ஒண்டும் தெரியேல்லை. சனம் திட்டத் தொடங்கிச்சுது. எஞ்சின் ஜன்னல் சரியா என்ரை கடைக்கு நேரை. டிரைவர் ஒரு வயசான வெள்ளைக்காரன், கண்ணெல்லாம் சிவந்துபோய் இருக்கிறார். நானும் விடுவனே, "என்ன காணும், உதை எடுத்துக்கொண்டு போமன்!" எண்டு தமிழிலையே கேட்டன்.

தமிழ் விளங்காட்டிலும் ஏச்சு விளங்கும்தானே. ஜன்னலை இறக்கினார். முந்தி ஏதும் இறுகினால் போனிலை கூப்பிட்டுக் கேக்க அவையின்ரை ஒபீஸிலை ஒரு ஆள் இருந்ததாம். கொம்பனியள் ஒண்டாகினதும் அந்த ஒபீஸைப் பூட்டி, எல்லாத்தையும் தூர ஒரு ஊருக்குக் கொண்டு போயிட்டினமாம். அவருக்கும் வீட்டை போகவேணுமாம், சாப்பிடவுமில்லையாம். எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. ஒரு ரீ குடுப்பமெண்டாலும் ஜன்னல் கைக்கு எட்டாத உயரம். அவர் இங்கிலீசிலை சொன்னதைத் தமிழிலை சொல்லுறன்: "அம்மா, நான் சிவப்பு லைற்றைப் பாத்துக்கொண்டிருக்கிறன், நீங்கள் எல்லாரும் என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்."

பால் வான்

ரஜனியின்ரை ப்ரொபேஷனிலை கடைசி நாள். இண்டைக்கு மட்டும் சரியாப் போயிட்டால் வேலை நிரந்தரம். எனக்கு விடியத்திலையிருந்து கை ஓடேல்லை, கால் ஓடேல்லை. கண்ணாடியைப் பாக்கிறன், ஆடேல்லை. இன்னும் ஆடேல்லை. அவள் படியிலை கால் வைக்கவே "பஸ்!" எண்டு கத்தினன். ஓடினாள். போன வேகத்திலையே திரும்பி வந்தாள், முகத்திலை இரத்தமில்லை. ரோட்டைக் கிண்டிப்போட்டிருக்கினமாம், பஸ் வேறை பாதையாலை போகுதாம். "முடிஞ்சுதக்கா" எண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே நிண்டாள்.

பால் இறக்கிக்கொண்டு நிண்ட மனுசனைப் பாத்தன். "இஞ்சேருங்கோ, உதை விட்டிட்டு வானை எடுங்கோ." மற்றக் கடையளுக்குப் பால் போடவேணும் எண்டு தொடங்கினார். "பால் பிந்தினால் கடைக்காரர் ஏசுவினம், அவ்வளவுதான். இவள் பிந்தினால் நாட்டை விட்டே அனுப்பிப்போடுவாங்கள்!" எண்டன். வான் திறப்பை எடுத்தார். கடையைத் திறந்தபடி விட்டிட்டு நானும் ஏறினன். மனுசன் தூரத்திலை மஞ்சள் லைற்றைக் கண்டாலே நிப்பாட்டுற ஆள், பக்கத்திலை நான் இருந்து கத்தாட்டி இண்டைக்குப் போய்ச் சேராது. முன் சீற்றிலை மூண்டு பேர், பின்னாலை போத்தலுகள் கிலுகிலு எண்டு அடிபடுது. ரஜனி கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கடவுளை மன்றாடினாளோ தெரியாது. ஆஸ்பத்திரி வாசலிலை வான் நிக்க முன்னமே குதிச்சு ஓடினாள். சரியாப் போனாளோ, பிந்தினாளோ, எங்களுக்குத் தெரியாது.

திரும்பி வந்தால், கல்லு ரெயின் அப்பதான் ஊர்ந்து முடியுது. கடையிலை வரிசை நிக்குது. என்ரை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கார்த்திக் ரீ ஊத்திறார், சனம் சந்தோசமா வாங்கிக் குடிக்குது. "என்ன தம்பி நடந்தது?" எண்டன், மூச்சு வாங்க. ஏப்ரனைக் கழட்டித் தந்துகொண்டு சொன்னார்: "ஒண்ணும் நடக்கலக்கா, கொஞ்ச நேரம் இங்க யாரும் கத்தல, அவ்வளவுதான்."

ஆறுதலாக் குடிச்ச ரீ

அண்டைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கேல்லை. அடுத்தநாள் விடியப் பாத்தால் ரஜனி படியாலை மெள்ள மெள்ள இறங்கி வாறாள். ஓடுற பிள்ளை நடந்து வந்தால் என்ன நினைப்பியள்? வேலை போச்செண்டு நினைச்சிட்டன். கிட்ட வந்து சிரிச்சாள். நேரத்துக்குப் போயிட்டாளாம், வேலை நிரந்தரமாம், இண்டைக்கு லீவாம். நான் அழுதிட்டன், ஒளிக்க என்ன இருக்கு. கப்பைக் குடுத்தன். மூடியைக் கழட்டி, நிண்ட நிலையிலை, ஊதி ஊதி, கடைசி வாய் வரைக்கும் குடிச்சாள். ஆறு அம்பத்திரண்டு வந்துது, நிண்டுது, போச்சுது. அவள் திரும்பியும் பாக்கேல்லை.

அந்த நேரம் பார்த்துப் பீற்றர் சுவரிலை ஒரு அறிவித்தல் ஒட்டுறான். வாற மாசத்திலையிருந்து ஆறு அம்பத்திரண்டு ஓடாதாம். ஏறுற சனம் குறைஞ்சு போச்சாம், அந்த நேரம் கூட்ஸ் ரெயினுக்காம். சனம் ஏன் குறைஞ்சது? ரெயினைப் பிந்த வைச்சது உவை. கலைச்சுவிட்டது நான். எனக்குச் சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்லை, துடைச்ச மேசையையே திரும்பத் திரும்பத் துடைச்சன். மெல்லமா ரஜனி சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலை கூட வேலை செய்யிற இரண்டு பிள்ளையளோடை சேந்து அறை எடுத்திட்டாளாம், இனி ரெயினே தேவையில்லையாம். "நல்லது பிள்ளை, நல்லது" எண்டன். அங்கை ரீக்கு என்ன செய்வாய் எண்டும் கேட்டுவைச்சன், எனக்கு வாய் சும்மா இருக்காதே. வெறுங்கப்பைக் கையிலை உருட்டிக்கொண்டு சொன்னாள்: "ஒரு மெஷின் நிக்குதக்கா. அமத்தினால் ரீ வருது, ஆனால் ஓடு பிள்ளை எண்டு ஒருத்தரும் கத்திறேல்லை."

இரண்டு கூட்ஸ் கொம்பனியள் கலியாணம் கட்டிச்சுதுகள், சீதனமாப் போனது எங்கடை ஆறு அம்பத்திரண்டு.