சுவருக்கு அந்தப் பக்கத்து பாண்ட்

நம்பாதவர்கள் நம்பாமலே வாசிக்கலாம். ஆனால் இது நடந்தது. 1995ஆம் ஆண்டு, பலெர்மோ நகரம், வுச்சீரியா சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடி. நடந்தது கொன்ஸ்ரன்ரைனுக்கு. அவன் பொய்யே சொல்லாத ஆள் ஒன்றும் இல்லை. கிரிக்கெட்டில் அடித்த ஓட்டங்களைப் பற்றிப் பொய் சொல்வான். தன்னைப் பார்த்துச் சிரித்த பெட்டைகளைப் பற்றியும் சொல்வான். அந்தப் பொய்கள் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வளரும். இது மட்டும் வளரவே இல்லை. எத்தனை தரம் கேட்டாலும் அதே சொல், அதே இடத்தில் ஒரு நிறுத்தம், அதே இடத்தில் ஒரு மிடறு தண்ணீர்.

யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூடக் கடேற் பாண்டில் பெரிய மேளம் அடித்தவன் அவன். பாண்ட் மாஸ்ரரிடம் அமெரிக்க இராணுவ பாண்டுகளின் பழைய மார்ச் இசைத்தட்டுகள் இருந்தன. அதைக் கேட்ட நாளிலிருந்து பையனுக்கு விசர் பிடித்துவிட்டது. சினிமாப் பாட்டு வேண்டாம், பொப் பாட்டு வேண்டாம். ட்ரம்பெட்டும் ட்ரொம்போனும் ஒன்றாக எழும்ப வேண்டும், சிம்பலும் மேளமும் சேர்ந்து விழ வேண்டும், இவனுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்க வேண்டும். பலெர்மோவுக்கு வந்து முதல் வேலையாகப் பழைய சாமான் சந்தையில் தேடி வாங்கியது ஒரு கசற் ரெக்கோடரும் ஒரு பை நிறைய மார்ச் கசற்றுகளும்தான். எந்த இடத்தில் மேளம் உருளும், எந்த இடத்தில் அடங்கும், எந்த அடியோடு முடியும்... எல்லாம் மனப்பாடம். பலெர்மோவின் ஒரேத்தோ தெருவில் அவனோடு ஒரே அறையில் இருந்த ஜோக்கிமுக்கு இது பெரிய பகிடி.

"டேய், பஸ்ஸுக்கு ஓடேக்கையும் லெப்ட் ரைட்டோடா? அமெரிக்கன் ஆமி உன்னை எடுக்கேல்லை எண்டு கவலையோ?"

"உனக்கென்னடா விளங்கும்? நீ வாழ்க்கையிலை வாசிச்ச ஒரே வாத்தியம் நீ வேலை செய்யிற சிஞ்ஞோரா வீட்டுக் கதவு மணி."

அந்த வருடம் கொன்ஸ்ரன்ரைனுக்கு ஒரு வேலை கிடைத்தது. சிஞ்ஞோர் கார்மெலோ என்ற எண்பது வயதுக் கிழவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. கிழவர் ஜனவரியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். அதற்குப் பிறகு கட்டில்தான். பேச்சும் குறைந்துவிட்டது. மிலானோவில் இருக்கும் மகள் ஒருநாள் வந்து பார்த்தாள். கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"குருத்தோலை ஞாயிறு திரும்ப வருவன். அதுக்குள்ளை அப்பா எழும்பி நடக்கவேணும். இல்லாட்டில் முதியோர் இல்லம். வீட்டை வித்துப்போடுவன்."

கிழவர் போனால் வேலை போகும். வேலை போனால் படுக்க இடமில்லை, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வழியில்லை. அதோடு, அந்தக் கிழவரில் அவனுக்கு ஒரு பாசமும் வந்துவிட்டது. சூப் ஊட்டும்போது வாயைத் திறக்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருக்கும் மனுசன்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகப் போரில் அமெரிக்கர்களின் குண்டு விழுந்து அந்தக் கட்டடத்தின் பாதி, உள்ளே இருந்த சனத்தோடு, இடிந்துபோனது. ஒருவரும் திரும்பக் கட்டவில்லை. மிஞ்சிய பாதியில்தான் கிழவரின் வீடு. நடுவில் நீளமான ஓடை, அறைகளுக்கு இடையே போகும் நடைவழி. ஓடையின் கடைசியில் ஒரு கதவு இருந்த இடம். அதைக் கல்லால் அடைத்துக் காரை பூசியிருந்தார்கள். அதற்கு அங்காலை வெறும் ஆகாயம். மூன்று மாடிக்குக் கீழே புல்லும் பூனைகளும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தால் பலெர்மோவில் நாய்கூடக் குரைக்காது. கடைகள் பூட்டு, யன்னல்கள் பூட்டு, தெருவில் வெயில் மட்டும். அப்படியொரு மத்தியானம், சலிப்புத் தாங்காமல் கொன்ஸ்ரன்ரைன் மெதுவாக ஒரு மார்ச் போட்டான்.

போர்வைக்குக் கீழே கிழவரின் கால்விரல் அசைந்தது. சரியாகத் தாளத்துக்கு.

"லி அமெரிக்கானி..." என்றார் கிழவர். அமெரிக்கர்கள். ஒரு மாதத்தில் அவர் பேசிய முதல் சொல்.

இவனுக்குப் பிடித்தது உற்சாகம். அடுத்தநாள் உட்கார வைத்தான். அதற்கடுத்த நாள் எழுப்பினான். வலக்கையைத் தன் தோளில் போட்டு ஓடையில் நடத்தினான். மார்ச் போனால் கிழவர் நடப்பார். மார்ச் இல்லாவிட்டால் மரக்கட்டை. நிறுத்துவதற்குப் பள்ளிக்கூட பாண்டின் பழக்கத்தையே கொண்டுவந்தான். அங்கே மேளக்காரன் இரண்டு அடி சேர்த்துப் போட்டால்தான் பாண்ட் நிற்கும். அதுவரை மதிலே வந்தாலும் நடக்க வேண்டியதுதான். இவன் அகப்பையால் கதவு நிலையில் 'டக் டக்' என்று தட்டினான். கிழவர் நின்றார்.

எவ்வளவு சுகமாக வந்தது! தோளில் பாரமே தெரியவில்லை.

இரண்டாவது கிழமையில்தான் முதல் பிழை.

செருப்புச் சத்தம். கிழவருக்கு ஒரு சோடி, இவனுக்கு ஒரு சோடி. ஆனால் ஓடையில் கேட்டது அதைவிடக் கூட. எதிரொலி என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு மேளம். அவனுக்குப் பிடித்த மார்ச்சில் ஒரு இடம் உண்டு. கிளாரினெட்டுகள் மட்டும் மெல்லப் போகும், மேளம் முழுக்க ஓய்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அந்த இடம் வந்தால் கையைத் தொங்கவிட்டு நிற்பான். அவனைவிட யாருக்கு அது தெரியும்?

அந்த இடத்தில் மேளம் கேட்டது.

டும்... டும்... டும்...

பின்னேரம் ஹெட்போன் போட்டு அதே கசற்றைக் கேட்டான். கிளாரினெட்டுகள். மேளம் இல்லை. திருப்பித் திருப்பிப் போட்டான். இல்லை.

வியாழக்கிழமை இரண்டரை மணி. மார்ச் முடிந்தது. 'டக் டக்' என்று தட்டினான். கிழவர் நின்றார். இவனும் நின்றான்.

மற்றக் கால்கள் நிற்கவில்லை.

அவர்களைத் தாண்டி... ஓடை வழியே... அடைத்த கதவுவரை போய்...

அங்காலையும் போயின.

கிழவர் சிரித்தார்.

அன்றிரவே ஜோக்கிமுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"விட்டிட்டு வாடா."

"வந்தா? ஞாயிறு மகள் வாறா. மனுசனை ஹோமிலை தள்ளிப்போடுவினம்."

"உன்ரை உயிர் முக்கியமோ கிழவன்ரை நடை முக்கியமோ?"

"ரெண்டும்தான்ரா."

"அப்ப மார்ச்சைப் போடாதை."

"போடாட்டில் நடக்கமாட்டார்."

"செபமாலையைக் கழுத்திலை போடு," என்றான் ஜோக்கிம். முதல் தடவையாகப் பகிடி விடாமல்.

குருத்தோலை ஞாயிறு. மகள் கையில் ஓலைச் சிலுவையோடு வந்தாள். சாப்பிட்டார்கள். தெரு அடங்கியது. சமையலறை வாசலில் கதிரை போட்டு அவள் உட்கார்ந்தாள்.

"சரி. காட்டு."

கொன்ஸ்ரன்ரைன் கசற்றைப் போட்டுப் பொத்தானை அழுத்தினான். சக்கரம் சுழலவில்லை. திரும்ப அழுத்தினான். சிவப்பு விளக்கும் எரியவில்லை. பற்றரி செத்திருந்தது. இன்றைக்கா? இந்த நேரத்திலா?

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

திரும்பிப் பார்த்தான். கிழவர் தானாக எழுந்து நின்றார்.

மேளம் தொடங்கியது.

கசற்றிலிருந்து அல்ல.

"பப்பா!" மகள் எழும்பிவிட்டாள். அழுதாள், சிரித்தாள், கையைத் தட்டினாள். தகப்பன் நடக்கிறார், அதுவே அவளுக்குப் போதும். வேறு சத்தம் ஒன்றும் அவள் காதில் விழவில்லை போல.

கொன்ஸ்ரன்ரைன் ஓடிப்போய்க் கிழவரின் வலக்கையைப் பிடித்தான்.

நடந்தார்கள்.

லெப்ட்... லெப்ட்... லெப்ட்...

முன்னால் கால்கள். பின்னால் கால்கள்.

இடப்பக்கம் யாரோ மூச்சு வாங்கும் சத்தம்.

இவன் இடப்பக்கம் பார்க்கவில்லை.

அடைத்த சுவர் கிட்டவாக வந்தது. நிறுத்த வேண்டும். அகப்பை சமையலறையில். கையை விட்டால் கிழவர் விழுவார். குதிக்காலால் நிலத்தில் ஓங்கி மிதித்தான். இரண்டு தரம்.

நிற்கவில்லை.

திரும்ப மிதித்தான்.

நிற்கவில்லை.

கிழவரின் மூக்கு சுவரில் முட்டியது. கால்கள் மட்டும் நின்ற இடத்தில் ஏறி இறங்கின.

"யேசுவே..." என்றான்.

சுவருக்கு அந்தப் பக்கம்...

ஆகாயத்தில்...

டும் டும்.

ஒன்றாக நின்றன. எல்லாக் கால்களும். நல்ல பாண்ட் நிற்பதுபோல, ஒரே சத்தத்தில்.

பிறகு புறா சிறகடிக்கும் சத்தம் மட்டும்.

மகள் இவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் மாறி மாறிக் கொஞ்சினாள். "நாளைக்கு டொக்ரரிட்டைக் காட்டுவம். அவரும் பார்க்கட்டும். நீ தேவதூதன்ரா!" இவன் கிழவரைத் திரும்பக் கட்டிலில் படுக்க வைத்தான். கேட்டதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்லவும்தான் வேண்டுமா? கிழவர் வீட்டிலேயே இருக்கப் போகிறார்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி. டொக்ரர் இளம் ஆள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆர் நடந்தவர் எண்டனீங்கள்?"

"அப்பாதான்," என்றாள் மகள்.

"இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. பழைய முறிவு. ஜனவரியிலை விழேக்கையே முறிஞ்சிருக்கு. பொருந்தவே இல்லை. இந்தக் காலை வைச்சு ஒரு அடிகூட எடுத்து வைக்க ஏலாது."

"நான் என்ரை கண்ணாலை பார்த்தன்!"

டொக்ரர் தோளைக் குலுக்கினார். இந்த வயதில் வெட்டித் தைக்க முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

மகள் சிலுவை போட்டுக்கொண்டாள். முகமெல்லாம் வெளிச்சம். "பலெர்மோவைக் காக்கிற சாந்தா ரொசாலியாவின்ரை புதுமை! முறிஞ்ச காலோடை நடந்திருக்கிறார்! அப்பாவை இனி ஒரு இடமும் அனுப்பமாட்டன். வீட்டையும் விக்கமாட்டன். அங்கையே இருக்கட்டும். நீயும் அவரோடையே இரு, கொஸ்தன்தீனோ. எவ்வளவு காலமெண்டாலும்."

ஒவ்வொரு இரவும் முழங்காலில் நின்று அவன் கேட்டது இதைத்தான். அப்படியே கிடைத்துவிட்டது.

கிழவருக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்த தாதி திடீரென்று கையை நிறுத்தினாள். அவள் குரலில் கோபம்.

"வீட்டிலை இவரை எத்தனை பேர் தூக்கிறனீங்கள்?"

"நான் மட்டும்தான். வலக்கைப் பக்கம்."

அவள் கிழவரின் வலக்கையைத் தூக்கிப் பார்த்தாள். தோல் வெள்ளையாக இருந்தது. ஒரு கீறலும் இல்லை.

இடக்கையைத் தூக்கினாள்.

கக்கத்துக்குக் கீழே, விலா நெடுக, முதுகு முழுக்க... நீலமாகக் கன்றிப்போன விரல் அடையாளங்கள். ஒன்று தடித்த பெரிய கை. ஒன்று மெலிந்த நீளக் கை. ஒன்று பெண்ணின் கை. இடுப்புக்குக் கீழே, எட்டாத இடத்தில் எட்டிப் பிடித்ததுபோல, இரண்டு சின்னப்பிள்ளைக் கைகள்.

கீழே அம்புலன்ஸ் ஹோர்ன் அடித்தது. வீட்டுக்குக் கொண்டுபோக வந்திருந்தது.